பெரியதம்பியின் பட்டினி

பாம்பென்றால் படையும் நடுங்கும் என்பார்கள். மலையடிவாரத்தில் இருக்கும் காக்காய்மேட்டில் மட்டும் நிலைமை தலைகீழ். அங்கே ஒரு பாம்பு மூன்று ஆட்களைப் பார்த்து நடுங்கியது. அதில் பாம்பின் மேல் ஒரு குற்றமும் இல்லை.

அது செங்கமலத்தாச்சி வளர்த்த சாரைப்பாம்பு. ஆச்சி நெல் சேர்த்துவைக்கும் கிட்டங்கியில் எலி பிடிப்பது அதன் உத்தியோகம். முட்டையிலிருந்து வந்த நாள் முதல் வளர்த்ததால் அதற்குப் பெரியதம்பி என்று பெயர் வைத்து, பெற்ற மகனைப் போலக் கொஞ்சுவாள். பெற்ற மகள் பூரணத்தைக்கூட அவள் அவ்வளவு கொஞ்சியதில்லை.

அந்தப் பூரணத்தின் மேல் தளவாய்க்கு உயிர். தளவாய் அதே கிட்டங்கியில் மூட்டை தூக்குகிறவன். நல்ல உடம்பு, நல்ல மனசு. மூளை விஷயத்தில் மட்டும் கடவுள் கொஞ்சம் சிக்கனம் பார்த்துவிட்டார். அவனுக்குக் கூட்டாளிகள் இரண்டு பேர். நயினார் எதையும் ஆழமாக யோசிப்பான். யோசித்து முடித்ததும் தவறாமல் தப்பாகச் சொல்வான். புலமாடன் எதிலும் சந்தேகம் கேட்பான். யார் என்ன பதில் சொன்னாலும் உடனே தீர்ந்துவிடும்.

புரட்டாசியில் ஆச்சி மகளோடு காசிக்குக் கிளம்பினாள். ஊரில் புத்தியுள்ளவர்கள் எல்லாரும் பாம்பைப் பார்த்துக்கொள்ளச் சொன்னதும் கழன்றுகொண்டார்கள். மிச்சம் இருந்தது இவர்கள்தான்.

"ஏல தளவாய், பூரணத்தைக் கட்டித் தாங்கன்னு கேட்டேல்லா? இதான் ஒனக்குப் பரீட்சை. பெரியதம்பி வயிறு நெறஞ்ச பொறவுதான் நீங்க மூணு பேரும் சோத்துல கை வைக்கணும். நான் திரும்பி வரும்போது அவன் எளச்சிருந்தான்னா, பொண்ணும் கெடையாது, மண்ணும் கெடையாது."

"மண்ணு எனக்கு வேண்டாம் ஆச்சி," என்றான் தளவாய் பணிவாக. "பொண்ணு மட்டும் போதும்."

ஐப்பசி வரை எல்லாம் ஒழுங்காக நடந்தது. எலியை விழுங்கிய பெரியதம்பியின் வயிறு புடைத்திருக்கும். அதைத் தடவிப் பார்த்துத் திருப்தியானதும் மூவரும் இலை போடுவார்கள்.

கார்த்திகையில் மலைக்காற்று இறங்கியது. பெரியதம்பி நெற்குவியலுக்குள் சுருண்டு படுத்துக்கொண்டது. கொழுத்த எலியாகப் பிடித்து அதன் வாய்க்கு நேரே வைத்தார்கள். அது எலியைப் பார்த்தது; பார்த்துவிட்டுச் சும்மா கிடந்தது. எலியும் மரியாதைக்குக் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டுப் போய்விட்டது.

அன்றைக்கு மூவரும் சோறு தின்னவில்லை. மறுநாளும் தின்னவில்லை.

"இப்படியே போனா நம்ம செத்துருவோமேல?" என்று புலமாடன் சந்தேகம் கேட்டான்.

நயினார் கண்ணை மூடி யோசித்தான். "சோத்துல கை வைக்கக் கூடாதுன்னுதான சொன்னாவ? மரச்சீனிக் கிழங்கப் பத்தி ஆச்சி மூச்சே விடலையே."

அன்றிலிருந்து காலையில் கிழங்கு, மத்தியானம் கிழங்கு, ராத்திரிக்கு மட்டும் ஒரு மாறுதலாக ஆறிப்போன கிழங்கு. அடுத்த வீட்டில் சோறு வடிக்கும் மணம் வந்தால் தளவாய் மூக்கைப் பொத்திக்கொள்வான். அதுகூட ஒரு வகையில் சாப்பிடுவதுதான் என்று அவனுக்குப் பயம்.

"இது எதுக்கு இப்படி வீம்பு பிடிக்கி?" என்றான் தளவாய்.

"சாப்பாட்டை வேண்டாங்குதுன்னா கோவம்னு அர்த்தம்," என்றான் நயினார். "பூரணத்துக்கு இது அண்ணன் முறை. ஒனக்கு மச்சான். கல்யாணத்தைப் பத்தி ஆச்சிகிட்ட பேசுன. மச்சான்கிட்ட ஒரு வார்த்த கேட்டியா?"

தளவாய்க்குத் தூக்கிவாரிப் போட்டது. எவ்வளவு பெரிய தப்பு! உடனே தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, பழம், புது வேட்டி வைத்து எடுத்துவந்தான். வேட்டி கட்டுவதில் சிக்கல் வந்தது.

"இடுப்புல கட்டு," என்றான் நயினார்.

"இடுப்பு எதுல?" என்று கேட்டான் புலமாடன்.

மூவரும் குனிந்து தலை முதல் வால் வரை தேடினார்கள். எல்லாமே இடுப்பாகத்தான் இருந்தது. ஆகவே எதற்கு வம்பு என்று முழுசாகச் சுற்றிவிட்டார்கள். தளவாய் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து, "மச்சான், தெரியாமச் செஞ்சிட்டேன். சம்மதம்னா தலைய ஆட்டுங்க," என்றான். பெரியதம்பி தலையை வேட்டிக்குள் இழுத்துக்கொண்டது.

"மொகத்தை மூடிட்டாவளே!" என்று தளவாய் அழுதே விட்டான். அவன் அழுகையில் பொய் இல்லை. பூரணம் கை நழுவிப் போவது அவன் கண்ணுக்கு முன்னால் தெரிந்தது.

அடுத்த ஊர் விஷக்கடி வைத்தியரைக் கூட்டிவந்தார்கள். அவர் வேட்டியை விலக்கினார், பாம்பைத் தொட்டுப் பார்த்தார், பிறகு மூவரையும் ஏற இறங்கப் பார்த்தார். "இதுக்கு ஒரு நோயும் இல்ல. குளிர் போனா தானாச் சாப்பிடும்," என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டினார்.

இப்போதுதான் தளவாய்க்கு உயிர் வந்தது. குளிர் போக வேண்டும், அவ்வளவுதானே!

"போகச் சொன்னாப் போவுமா?" என்றான் புலமாடன்.

"அழையாம வந்தது சொல்லிப் போவாது," என்றான் நயினார். "நம்மதான் கொண்டுபோய் விடணும். மலையிலேருந்து வந்தது, மலையிலயே விட்டுருவோம்."

விடியற்காலையில் குளிர் நன்றாகக் கூடியிருந்த நேரம் பார்த்து, சாக்கு வாயை விரித்துப் பிடித்து, முறத்தால் விசிறி விசிறிக் குளிரை உள்ளே தள்ளி, இறுக்கிக் கட்டினார்கள். ஆளுக்கொரு மூட்டையாகத் தலையில் ஏற்றிக்கொண்டு மலையடி வரை நடந்தார்கள். மூட்டை தூக்குகிற தொழிலில் இத்தனை லேசான சரக்கைத் தளவாய் கண்டதில்லை. மலையடியில் அவிழ்த்து உதறிவிட்டு, வேர்த்து விறுவிறுத்துத் திரும்பினார்கள். கிட்டங்கிக் கதவைத் திறந்தால், உள்ளே குளிர்!

"நமக்கு முன்னாடி வந்துட்டே!" என்றான் தளவாய்.

"நம்ம நடந்து வாறோம். அது காத்துல வருது," என்று நயினார் விளக்கினான். புலமாடனுக்குச் சந்தேகம் தீர்ந்தது.

மார்கழி முழுவதும் சுமந்தார்கள். தையில் அந்த வழியாகப் போன கிழவர் ஒருவர் இவர்கள் படும் பாட்டைக் கேட்டுச் சிரித்தார். "மூட்டை கட்டினாப் போயிருமாடே? தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும்னு சொல்லுவாவ," என்றார்.

மூவரும் கிட்டங்கிக்கு ஓடித் தரையைப் பார்த்தார்கள். சுவரோரமாக வரிசையாக ஓட்டைகள்! அவை எலிவளைகள் என்பது பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். அங்கே பச்சைப் பிள்ளை யாரும் இல்லை.

"எப்படித் துளைச்சிருக்கு பாத்தியால பனி!" என்றான் தளவாய். ஒன்று விடாமல் களிமண் வைத்து அடைத்தார்கள். உள்ளே இருந்த எலிகள் வெளியே போக வழியில்லாமல் நெல்லைத் தின்றுகொண்டு உள்ளேயே தங்கின.

மாசி பிறந்ததும் மச்சுக்கு மேலே கூரையில் ஏறினார்கள். பனி எந்த இடத்தில் துளைக்கிறது என்று பார்க்க வேண்டாமா? ஓடு மறைத்தது. அதனால் ஓட்டைப் பிரித்தார்கள். அப்புறம் மச்சுப் பலகை மறைத்தது, அதையும் பெயர்த்தார்கள். கடைசியில் கிட்டங்கிக்கு நடுவில் நின்று அண்ணாந்து பார்த்தால் ஆகாயம் தெரிந்தது.

"இனிமே துளைக்கிறதுக்கு அதுக்கு ஒண்ணுமே இல்ல," என்றான் நயினார் பெருமையாக.

பங்குனி வெயில் மண்டையைப் பிளக்கும் ஒரு மத்தியானம், ஆச்சியும் பூரணமும் வண்டியிலிருந்து இறங்கினார்கள். கிழங்கு தின்று தின்று ஒட்டடைக்கம்பு போல் ஆகியிருந்த மூன்று பேர் வாசலில் நின்றார்கள். ஆச்சி உள்ளே போனாள். நடுவில் கூரை இல்லை. நெற்குவியல் மேல் வெயில் அருவியாகக் கொட்டியது. அதன் உச்சியில், வேட்டி நுனி தெரிய, பெரியதம்பி.

"அடப் பாவிப் பயலுவளா!" என்று ஆச்சி கையை ஓங்கினாள். தளவாய் கண்ணை மூடிக்கொண்டான்; பூரணத்தை மனசுக்குள் கடைசியாக ஒருமுறை பார்த்துக்கொண்டான்.

அந்த நேரத்தில் பெரியதம்பி சோம்பல் முறித்தது. நாக்கை நீட்டியது. போக்கிடம் இல்லாமல் குறுக்கே ஓடிய கொழுத்த எலியை ஒரே பாய்ச்சலில் கவ்வி, ஆச்சியின் கண்ணெதிரே விழுங்கியது.

ஆச்சியின் ஓங்கிய கை இறங்கியது. பாம்பை அள்ளித் தடவிப் பார்த்தாள். "கொஞ்சங்கூட எளைக்கலையே!" என்று உருகினாள்.

"கார்த்திகையிலேருந்து இன்னைக்குத்தான் ஆச்சி மச்சான் வாய் தொறக்காவ," என்றான் தளவாய். தங்கள் கிழங்குக் கதை முழுவதையும் மறைக்காமல் சொன்னான்.

ஆச்சி தலையில் அடித்துக்கொண்டாள். "கோட்டிப் பயலுவளா, வருசா வருசம் அப்படித்தாம்ல. பாம்புக்கு நம்மளப் போல உள்ளுக்குள்ள சூடு கெடையாது. வெயில்ல காஞ்சாத்தான் ஒடம்பு சூடாவும். ஒடம்பு சில்லுன்னு இருக்கும்போது தின்னா செரிக்காம வயித்துக்குள்ளயே அழுகிரும். அதான் குளிர்ல வாயை மூடிக்கிட்டுக் கெடக்கும்." பிறகு தளவாயின் ஒட்டிய கன்னத்தைப் பார்த்து அவளுக்கே மனம் இளகிவிட்டது. "சொன்ன சொல்லுக்கு இப்படிப் பட்டினி கெடந்த மாப்பிள்ளை யாருக்குல கெடைப்பான்? பூரணம் ஒனக்குத்தான். சாப்பிட்ட கையோட தாம்பூலம் மாத்திருவோம். வாங்க, முதல்ல சோறு தின்னுங்க."

இலை போட்டார்கள். ஆவி பறக்கும் சோறு விழுந்தது. மேலே குழம்பு விழுந்தது. தளவாயின் கண் கலங்கியது. கையை வைக்கப் போனவன் சட்டென்று நிறுத்தி, தன் வயிற்றைத் தொட்டுப் பார்த்தான். நயினாரின் வயிற்றைத் தொட்டான். புலமாடன் இருவர் வயிற்றையும் தொட்டான். கைகழுவிய ஈரக்கை எல்லாருக்கும்.

"சில்லுன்னு இருக்கு," என்றான் தளவாய்.

"அழுகிரும்," என்றான் நயினார்.

மூவரும் எழுந்துபோய், பிரிக்காமல் மிச்சம் இருந்த ஓட்டின் மேல் ஏறி வெயிலில் வரிசையாகப் படுத்துக்கொண்டார்கள். ஆச்சி கத்தினாள். பூரணம் வாசலுக்கு வந்து அண்ணாந்து பார்த்தாள். தன் வயிற்றையும் ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டாள். அப்புறம் பாயைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு அவளும் ஏணியில் ஏறினாள்.

மேற்கே ஒரு மேகம் வந்து சூரியனை மூடியது. கீழே சோறு ஆறிக்கொண்டிருந்தது.

"எறங்கி வாங்களேம்ல!" என்று ஆச்சி கெஞ்சினாள்.

"நீங்க ஒண்ணும் கவலப்படாதீங்க அத்தை," என்று மேலேயிருந்து மாப்பிள்ளை ஆறுதல் சொன்னான். "எங்களுக்கு ஒரு நோயும் இல்ல. குளிர் போனா தானாச் சாப்பிடுவோம்."