மதகுக்கு வந்த பொன்னாடைப் புத்தகம்

காட்டு ஏரிக்கரையில் கரடியும் நரியும் முட்டிக்கொண்டு நின்றன. ஏரி மதகைக் கணினியால் திறந்து மூட நரி ஒரு மென்பொருள் செய்திருந்தது. அதை இயக்கும் விளக்கத்தைப் புத்தகமாக அச்சிடுவதா, இணையத்தில் போடுவதா? இதுதான் சண்டை.

மதகுக் காவல் வடிவு என்ற பெருச்சாளிக்கு. அதன் வளை கரைக்குள்ளேயே இருந்தது. உள்ளே கண் திறக்காத ஆறு குட்டிகள். ஏரி நிரம்பினால் முதலில் மூழ்குவது அந்த வளைதான்.

"புத்தகம்னாதான் மரியாதை!" என்றது கரடி.

"அச்சடிச்ச அன்னைக்கே பழசாயிடும்! இணையம்தான்!" என்றது நரி.

"எதுவானாலும் சரி, எந்தப் பொத்தானை அழுத்தணும்னு ஒரே வரி எழுதி மதகுல ஒட்டிடுங்களேன்!" என்றது வடிவு.

"ஒரே வரியா? விவரம் தெரியாம பேசாதேம்மா!" என்று இரண்டும் சேர்ந்து சிரித்தன. அதில் மட்டும் என்ன ஒற்றுமை பாருங்கள்!

கரடி மாலை, பொன்னாடை, ஒலிபெருக்கி என்று வெளியீட்டு விழாவே எடுத்துவிட்டது. புத்தகத்தில் அணிந்துரையும் வாழ்த்துரையும் அறுபது பக்கம். அதற்குப் பிறகுதான் மதகே வந்தது. நரி தன் விளக்கத்தை இணையத்தில் போட்டது. பிறகு எந்தப் பொத்தான் எதைச் செய்யும் என்பதை மாற்றியது. அதையும் அங்கே மட்டுமே எழுதியது. வடிவிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அடித்தது பேய்மழை. தண்ணீர் வளை வாசலைத் தொட்டது. வடிவு கைபேசியைத் தட்டினால் 'இணைப்பு இல்லை'. காற்றில் கைபேசிக் கோபுரம் சாய்ந்திருந்தது. புத்தகத்தைப் புரட்டியது. வாழ்த்துரை, வாழ்த்துரை, இன்னொரு வாழ்த்துரை! கடைசியில், 'பச்சையை அழுத்துக.'

அழுத்தியது. பாதி திறந்திருந்த மதகும் இறுக மூடிக்கொண்டது! எல்லாப் பொத்தான்களும் செத்துப்போயின. திரையில் ஒரே வாசகம்: 'மீண்டும் இயக்கும் முறையை இணையத்தில் காண்க.'

"நாசமாப் போக உங்க விளக்கம்!" என்று அலறிய வடிவு, மதகை அடைத்திருந்த மரப்பலகையில் பல்லைப் பதித்தது. வாயெல்லாம் ரத்தம். விடவில்லை. பலகை உடைந்து தண்ணீர் பாய்ந்தோடியது. ஆறு குட்டிகளும் பிழைத்தன.

மழை விட்டதும் கரடியும் நரியும் ஓடி வந்தன.

"அடடா! இந்தக் கடியைப் புத்தகத்தில் சேர்த்துடுவோம்!" என்றது கரடி.

"இணையத்தில்தான் போடணும்!" என்றது நரி.

வடிவு பல்லைக் காட்டியது. "பலகை முடிஞ்சது. அடுத்து யாரைக் கடிக்கலாம்னு பார்த்துட்டிருக்கேன்!"

அன்று மாலையே மதகில் ஒரு வரி ஒட்டப்பட்டது.

காகிதமோ திரையோ, ஆபத்து நேரத்தில் கைக்கு எட்டிச் சரியாகச் சொல்வதுதான் விளக்கம். மற்றதெல்லாம் எழுதியவரின் பெருமைக்குத்தான்.