பேர் உரிந்த மோட்டார்

"இது என்ன மோட்டாருங்க அம்மிணி?"

நாச்சிமுத்து அதை மேசைமேல் வைத்தார். கைமுட்டி அளவில் ஒரு தகர உருளை. பின்னால் நறுக்கின இரண்டு ஒயர். ரிமோட்டில் ஓடுகிற பந்தயக் கார் பொம்மைக்குள் இருந்தது. மேலே ஸ்டிக்கர் ஒட்டியிருந்த தடம் மட்டும் இருக்கிறது; பேர் இல்லை.

கணபதிப் பகுதியில் மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிற பட்டறை கனகமணியுடையது. அவருக்கு வயசு நாற்பதுகூட ஆகவில்லை. எத்தனை பழசானாலும் கையில் வாங்கி உருட்டிப் பார்த்தே கம்பெனியும் வருசமும் சொல்லிவிடுவார் என்று கோயமுத்தூர் முழுக்கப் பேச்சு. அதைக் கேட்டுத்தான் ஐம்பத்தொரு வயசு நாச்சிமுத்து வந்து நிற்கிறார்.

"தெரிஞ்சு என்னங்ணா பண்ணப் போறீங்க?"

"என் தம்பி திருடனா இல்லையான்னு தெரியோணும்."

கனகமணி கையிலிருந்த கம்பியைக் கீழே வைத்தார்.

"மாமன் துபாயிலிருந்து கொண்டாந்த காருங்க. எனக்கும் திருமூர்த்திக்கும் சேத்து ஒண்ணு. ரேஸ் மோட்டார், செவப்பு ஸ்டிக்கரு. விட்டா வாசலுக்கும் ரோட்டுக்கும் பறக்கும். ஒரு நாள் அவன் சேக்காளி வீட்டுக்கு எடுத்துட்டுப் போனான். திரும்பி வந்தப்ப ஸ்டிக்கரைக் காணோம். வண்டி எருமையாட்டம் நகருது. மாத்திப்போட்டான்னு நான் சொன்னேன். இல்லவே இல்லைன்னு அவன் சாதிச்சான்."

"எத்தனை வருசமாச்சு?"

"முப்பத்தெட்டு. எங்கூட்டுக் கல்யாணத்துக்கு அவன் வரல. அவங்கூட்டு வளைகாப்புக்கு நான் போகல. போன வாரம் பொள்ளாச்சியிலிருந்து பத்திரிகை கொண்டாந்தான். வெள்ளிக்கிழமை அவன் மகளுக்குக் கல்யாணம். இது அதே மோட்டாருன்னா போறேன். இல்லீன்னா போகல."

"கடையில கேட்டீங்களா?"

"நாலு கடை ஏறி இறங்கிட்டேன். ஆளுக்கொரு பேர் சொல்றாங்க."

"அஞ்சாவதா நான் ஒண்ணு சொன்னா நம்பிருவீங்களா?"

நாச்சிமுத்து மோட்டாரை அவர் பக்கமாக நகர்த்தி வைத்தார்.

கனகமணி ஒரு மரப்பெட்டியைக் காலால் தள்ளிவிட்டார். உள்ளே முப்பது நாற்பது மோட்டார். எல்லாம் ஒரே மாதிரித் தகரம், எல்லாவற்றுக்கும் ஒயர் நறுக்கி, ஸ்டிக்கர் உரித்து.

"உக்காந்து தரம் பிரிங்க."

"நான் வேலைக்கா வந்தேன்?"

"வெள்ளிக்கிழமைக்கு இன்னும் நாள் கெடக்குதுங்ணா."

முதல் நாள் நாச்சிமுத்து ஒவ்வொரு மோட்டாரின் தண்டையும் திருகிப் பார்த்தார். சில மோட்டார் வழவழவென்று போனது. சிலது திருகத் திருக நின்று நின்று முரண்டு பிடித்தது.

"இது கோவக்காரனுங்க அம்மிணி."

"காந்தம் பலமா இருக்குதுன்னு அர்த்தம். அதை அந்தப் பக்கம் வைங்க."

இரண்டாம் நாள் கனகமணி வந்து மோட்டாரை அவர் கையிலேயே திருப்பி வைத்தார்.

"மூஞ்சியவே பாத்துட்டிருந்தா எப்படி? பின்னாடி பாருங்க. கரண்டு கடத்துற கார்பன் எப்படித் தேஞ்சிருக்குது, ஒயரை ஒட்ட ஈயம் எப்படி வச்சிருக்காங்க, எண்ணெய் பட்டுதான்னு பாருங்க. வச்சிருந்த ஆளு அங்கதான் இருப்பான்."

சாயங்காலத்துக்குள் நாச்சிமுத்துவுக்கு ருசி கண்டுவிட்டது.

"இவன் அவசரக்காரன். ஈயம் வழிஞ்சு கெடக்குது. இது பொம்பளை கை. பாருங்க, எத்தனை சுத்தம்."

"அது எங்கூட்டுக்காரர் வச்சதுங்க."

மூன்றாம் நாள், புதன்கிழமை. பெட்டியில் பாதிக்குமேல் தீர்ந்திருந்தது. கனகமணி அந்தப் பக்கம் காயில் கட்டிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். நாச்சிமுத்து ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்லிக்கொண்டே போனார்.

"இது ரேஸ் மோட்டாருங்க. நல்ல முரண்டு. அருமையான சாமான்."

"ம்."

"ஆனா ஒரு கூறுகெட்டவன் கையில மாட்டியிருக்குது. தையல் மிஷின் எண்ணெயா ஊத்தியிருக்கான், உள்ளே பூரா மை மாதிரி அப்பிக் கெடக்குது. கார்பன்ல எண்ணெய் இறங்கினா மோட்டார் எங்கிருந்து ஓடும்?"

"ஓடாது. சூடுதான் ஏறும்."

"ஏறித்தானே ஸ்டிக்கர் வெந்து உரிஞ்சிருக்குது. பசையெல்லாம் பொரிஞ்சு நிக்குது பாருங்க. நீங்க உரிச்சதில்ல இது."

"ஈயம் எப்படிங்ணா?"

"சுத்த மோசம். இவனுக்கு யாரு இந்த வேலை சொன்னது? சுண்டக்காய் கணக்கா உருட்டி வச்சிருக்கான். முதல்ல வச்சது வச்சபடியே கெடக்குது, அப்புறம் ஒரு பயலும் கழட்டல, மாத்தல. உள்ளே என்னமோ வேற..."

கண்ணாடியை மேலே ஏற்றிக்கொண்டு, மோட்டாரை வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார்.

"தீக்குச்சி."

கனகமணி தலை தூக்கவில்லை.

"தீக்குச்சிய உட்டு ஈயம் வச்சிருக்கான்," என்றார் நாச்சிமுத்து மறுபடி. இந்தத் தடவை சத்தம் இறங்கியிருந்தது.

மாமன் கொண்டுவந்த பெட்டியைப் பிரித்தபோதே அந்த ஒயர் அறுந்துதான் இருந்தது. அடுப்பில் ஸ்குரூட்ரைவரைப் பழுக்கக் காய்ச்சி நாச்சிமுத்துதான் ஈயம் வைத்தார். ஒயர் வழுக்கிக்கொண்டே போனது. தீக்குச்சியால் அழுத்திப் பிடித்தார். அது உள்ளேயே ஒட்டிக்கொண்டது. பக்கத்தில் டார்ச் அடித்துக்கொண்டு நின்றவன் திருமூர்த்தி. சிரித்துச் சிரித்து அவனுக்கு விக்கல் வந்துவிட்டது.

எண்ணெய்க் குப்பி அம்மாவின் தையல் மிஷினுடையது. வாரம் தவறாமல், ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை, நன்றாக ஓடட்டும் என்று மோட்டாருக்குள் ஊற்றியது.

அதுவும் இவர்தான்.

நாச்சிமுத்து மேசையைத் திரும்பிப் பார்த்தார்; அவர் கொண்டுவந்த மோட்டார் அங்கே இல்லை.

"எப்ப இதைப் பெட்டிக்குள்ள போட்டீங்க அம்மிணி?"

"முந்தாநேத்து. நீங்க டீ குடிக்கப் போனப்ப."

நாச்சிமுத்து மோட்டாரை வேட்டி நுனியில் துடைத்தார். துடைக்கத் துடைக்கக் கறுப்பு வந்துகொண்டே இருந்தது.

கனகமணி சுற்றுவதை நிறுத்திவிட்டுத் திரும்பினார்.

"கம்பெனிப் பேரு, வருசம் எல்லாம் இப்பச் சொல்லட்டுங்களா?"

நாச்சிமுத்து வாசல்படியில் குனிந்து செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார்.

"பொள்ளாச்சி பஸ்ஸுக்கு உக்கடம் ஸ்டாண்டு போய்த்தான் ஏறோணுங்களா அம்மிணி?"