நாலு செம்பு வெந்நீர்

முன்னொரு காலத்தில் வெள்ளியங்குடி நாட்டைக் கோடைவர்மன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். காலையில் ஒரு புத்தி, மாலையில் ஒரு புத்தி அவனுக்கு. ஒரு சனிக்கிழமை விடிந்ததும் சபையில் சொன்னான்:

"சைவர் தெரு, சமணர் தெரு, முஸ்லிம் தெரு, கிறிஸ்தவர் தெரு என்று நம் ஊரில் எதற்கு நாலு? எந்த மதம் உசத்தியோ அது இருக்கட்டும். மற்ற மூன்று தெருவும் நாளைக்கே காலியாகட்டும்."

இதை ராஜாவின் காதில் போட்டவர் கங்காதர ராயர். மந்திரி இளம்பரிதியின் முத்திரை மோதிரத்தின் மேல் அவருக்கு வெகுநாளாக ஒரு கண்.

"உசத்தி எது என்று மந்திரியார் இன்றே சொல்லட்டும், பிரபு. தெரியாவிட்டால் மோதிரத்தைக் கழற்றட்டும்," என்றார் ராயர்.

நாலு மதப் பெரியவர்களும் வந்தார்கள். வாயைத் திறந்தால் சண்டை. ஒருவர் ராயரையே வாய்க்கு வந்தபடி ஏசினார். மந்திரி கையெடுத்துக் கும்பிட்டார்.

"பெரியவர்களே, பேச்சு வேண்டாம். ராயர் எண்ணெய் தேய்த்துக் குளிக்கட்டும். நீங்கள் ஆளுக்கு ஒரு செம்பு வெந்நீர் ஊற்றுங்கள். உசத்தி எது என்று அவரே சொல்லிவிடுவார்."

"அப்படியானால் நான்தான் நீதிபதி!" என்று மீசையை முறுக்கிக்கொண்டு ராயர் மணையில் உட்கார்ந்தார்.

தலை நிறையச் சீயக்காய். கண்ணைத் திறக்க முடியவில்லை. பக்கத்தில் அண்டாத் தண்ணீர் தளதளவென்று கொதித்தது. மந்திரி அண்டாவையே பார்த்தார். யாராவது கோபத்தில் அப்படியே ஊற்றிவிட்டால் ராயரின் தலை வெந்துவிடும், மூன்று தெருவும் போய்விடும்.

முதல் பெரியவர் செம்பில் மொண்டார். தன் விரலை விட்டுப் பார்த்தார். சுட்டது. பச்சைத்தண்ணீர் விளாவி, புறங்கையில் விட்டுப் பார்த்து, அப்புறம்தான் ஊற்றினார். அடுத்தவரும் அப்படியே செய்தார், அதற்கடுத்தவரும். கடைசியில் வந்தவர் ராயரை ஏசியவர். அவரும் விரலைத்தான் விட்டார்.

"ராயரே, எந்தச் செம்பு எந்த மதம்?" என்று கேட்டார் மந்திரி.

"எனக்கெப்படி ஐயா தெரியும்? நாலும் ஒரே பதமாகத்தானே இருந்தது!"

மந்திரி ராஜாவைப் பார்த்தார். "நான் ஒன்றும் சொல்லிக்கொடுக்கவில்லை, பிரபு. தனக்குச் சுடுவது அடுத்தவருக்கும் சுடும் என்று அவரவர் மதத்தில் கற்றதுதான்."

ராயருக்குப் பொறுக்கவில்லை. "இதென்ன பெரிய வித்தை? தங்கள் பாதத்துக்கு நானே ஊற்றுகிறேன், பிரபு!" என்று விரலை விட்டுப் பார்க்காமலே அண்டாவில் மொண்டு ராஜாவின் காலில் சாய்த்தார்.

"ஐயோ!" என்று துள்ளினான் ராஜா. "இவன் தலையிலும் இதே தண்ணீரை ஊற்றுங்கள்!"

மந்திரி ஒரு செம்பு மொண்டு ராஜாவிடம் நீட்டினார். வாங்கியதும் சூடு தாங்காமல் ராஜா கை மாற்றிப் பிடித்தான். ராயர் இரு கையாலும் தலையை மூடிக்கொண்டு குனிந்தார். ராஜா செம்பைப் பார்த்தான், ராயரைப் பார்த்தான். பிறகு தானே பச்சைத்தண்ணீர் விளாவினான்.

"நாலு தெருவும் இருக்கட்டும். மந்திரியாரே, மோதிரத்தோடு இந்த முத்துமாலையும் உமக்கே. ஓய் ராயரே, இனி உமக்குச் சபையில் வேலை இல்லை. சத்திரத்துக்கு வருகிற வழிப்போக்கருக்கெல்லாம் வெந்நீர் விளாவும்!"

அதற்குப் பிறகு ராயரின் விரல்நுனி எப்போதும் சிவந்தே இருந்ததாம். சத்திரத்தில் யார் தலையும் வெந்ததில்லையாம்.