மடை திறந்த சடைச்சி

வெகு காலத்துக்கு முன்னால், வேங்கைநாடு என்ற சீமையை மாறவேள் என்றொரு ராஜா ஆண்டு வந்தார். நல்ல மனுஷர்தான். ஆனால் கடைசியாக யார் பேசினார்களோ, அவர் சொன்னதே அவருக்கு வேதம்.

அரண்மனையை அடுத்த பெரிய ஏரியில் முங்கி, வயலுக்குத் தண்ணீர் பாய அடியில் இருக்கும் மடைக்கல்லைத் திறக்கிறவள் சடைச்சி. அவள் புருஷனுக்கு முங்கி முங்கிக் காது போய்விட்டது. மூன்று வருஷமாக அவள்தான் அந்த வேலையைப் பார்த்து வந்தாள். அது அவையிலிருந்த ஏகாம்பரநாதருக்குப் பொறுக்கவில்லை. அந்த இடத்தில் தன் மைத்துனனை வைக்க ஆசை. அவனுக்கோ நீச்சலே தெரியாது.

“ஆண் வேலையைப் பெண் செய்தால் நாடு உருப்படுமா மன்னா?” என்று ஏகாம்பரநாதர் ஓத, ஆண் வேலை ஆணுக்கு, பெண் வேலை பெண்ணுக்கு என்று ராஜா உடனே சட்டம் போடச் சொன்னார். பயிர் கதிர்விடும் சமயம். சேதி கேட்டு அவைக்கு ஓடிவந்த சடைச்சி கையைக் கட்டிக்கொண்டு, “நாளைக்கு மடை தொறக்கலைன்னா பயிரு கருகிடும் சாமி” என்றாள். யார் காதில் விழுந்தது?

மந்திரி மதிசூடனார் மறுப்பே சொல்லாமல் ஓலையை எடுத்தார். “சட்டத்தைச் சரியாகவே எழுதுவோம். சமையல் யார் வேலை?” என்று கேட்டார். பெண்கள் வேலை என்றார் ஏகாம்பரநாதர். அரண்மனை உத்தியோகம்? அது ஆண்களுக்குத்தான் என்றார். மீறினால் நாடுகடத்தல் என்பதையும் அவரே சேர்த்தார். முத்திரை விழுந்தது.

மறுநாள் மத்தியானம் ராஜா இலைமுன் உட்கார்ந்தார். இலை காலி. அரண்மனைச் சமையல்காரர்கள் நாற்பது பேரும் ஆண்கள், சட்டத்துக்குப் பயந்து வீட்டுக்குப் போய்விட்டார்கள். பெண்களைக் கூப்பிடலாமென்றால் அது அரண்மனை உத்தியோகம். ராஜாவின் கண் ஏகாம்பரநாதர்மேல் பாய்ந்தது.

“என் வீட்டுக்கு வாருங்கள் மன்னா, சுடச்சுடப் புளிக்குழம்பு இருக்கிறது” என்று உளறினார் அவர்.

“யார் வைத்தது?” என்றார் மந்திரி.

ஏகாம்பரநாதர் நெளிந்தார். பசித்த ராஜா அதட்டியதும் உண்மை வந்தது. “நான்தான். என் மனைவிக்கு அடுப்புப் புகை ஆகாது. பத்து வருஷமாக நான்தான் சமைக்கிறேன்.”

மந்திரி சாவகாசமாக ஓலையைப் பிரித்து, “அப்படியானால் நாடுகடத்தல்” என்றார். ஏகாம்பரநாதர் தடாலென்று காலில் விழுந்தார். மனைவிக்காக அடுப்பூதியது ஒரு குற்றமா என்று அழுதார்.

ராஜாவுக்குச் சிரிப்பு வந்தது, வெட்கமும் வந்தது. ஓலையை வாங்கி இரண்டாகக் கிழித்தார். “சமைக்கத் தெரிந்தவன் சமைக்கட்டும். முங்கத் தெரிந்தவள் முங்கட்டும். மடை இனி சடைச்சிக்குத்தான்.”

சாப்பாட்டைக்கூட மறந்து எல்லோரும் கரைக்கு ஓடினார்கள். சடைச்சி முங்கினாள். வெகுநேரம் தண்ணீர் அசையவில்லை. அப்புறம் கால்வாயில் திடுதிடுவென்று வெள்ளம் பாய்ந்தது, அவள் தலையும் மேலே வந்தது. அப்போதுதான் ராஜாவுக்கு மூச்சு வந்தது. அவள் புருஷன் ஈரத் தலையைத் துவட்டிவிட்டான்.

ஏகாம்பரநாதர் தன் வீட்டிலிருந்து குழம்புச்சட்டியைத் தானே சுமந்து வந்தார். ராஜா கை நீட்டினார். ஏகாம்பரநாதர் தயங்கி, முதல் இலையைச் சடைச்சி முன்னால் போட்டார்.

“நீ சாப்பிடம்மா. மன்னர் இன்னும் கொஞ்ச நேரம் பொறுப்பார்.”

ராஜா பொறுத்தார்.