மயில் திறக்க விடாத பெட்டி

குளக்கரை மருத மரத்தடியில் விலங்குகளுக்கு ஒரு தொடக்கப் பள்ளி இருந்தது. கொக்குதான் டீச்சர். மயில் தலைமையாசிரியர்.

பள்ளியில் கரும்பலகை கிடையாது. கொக்கு தன் அலகால் ஈர மண்ணில் எழுதிக் காட்டும். அது ‘ஆ’ எழுதி முடிப்பதற்குள் ஏதாவது ஒரு நண்டு ‘அ’வின் மேல் நடந்து போயிருக்கும்! மறுபடியும் எழுத வேண்டும். எழுதி எழுதி, பாவம், அலகில் விரிசலே விழுந்துவிட்டது.

“சார், இப்படியே போனா அலகு உடைஞ்சிடும். அப்புறம் எதை வெச்சு மீன் பிடிப்பேன்? நான் வேலையை விட்டுட வேண்டியதுதான்!” என்றது கொக்கு.

அந்த வாரமே ஒரு பெரிய பெட்டி வந்து இறங்கியது. மலைக்கு அப்பால் வாழும் யானை பள்ளிக்காக அனுப்பியது. குட்டிகள் பெட்டியைச் சூழ்ந்துகொண்டன.

முயல் காதை வைத்துக் கேட்டது. “உள்ளே ஏதோ கடகடன்னு உருளுது!”

முள்ளம்பன்றி மோந்து பார்த்தது. “புது நோட்டு வாசனை!”

அணில் இடுக்கில் கண்ணை வைத்தது. “சாக்பீஸ்! டீச்சர், நிறைய சாக்பீஸ்!”

கொக்கு ஆசையோடு பெட்டியை நெருங்கியது. மயில் குறுக்கே பாய்ந்தது.

“யாரும் தொடக்கூடாது! கொடுத்தவர் கையாலதான் திறக்கணும். மாலை வேண்டாமா? ரிப்பன் வேண்டாமா? நான் ஆட வேண்டாமா?”

“அவர் எப்ப சார் வருவார்?”

“மழைக்காலம் முடிஞ்சதும்!”

“அதுவரைக்கும் என் அலகு?”

“கொஞ்சம் பொறுத்துக்கோங்க, டீச்சர்!”

மழை கொட்டியது. கொக்கு விரிசல் விட்ட அலகில் வாழைநார் கட்டிக்கொண்டு எழுதியது. குட்டிகள் தினமும் பெட்டியைச் சுற்றி வந்தன. ஒருநாள் முயல் ஓடிவந்து, “சார், உள்ளே நறநறன்னு சத்தம் கேட்குது!” என்றது.

“புதுப் பொருள்னா அப்படித்தான்!” என்றது மயில். எதையும் தெரியாது என்று சொல்லும் பழக்கம் அதற்கு இல்லை.

விழா நாள் வந்தது. மயில் ஒரு மணி நேரம் ஆடியது. யானை ரிப்பனை அறுத்துப் பெட்டியைத் திறந்தது.

உள்ளேயிருந்து கரையான்கள் வரிசையாக வெளியே வந்தன! நோட்டுகள் மண்ணாகியிருந்தன. பென்சில்கள் தூளாகியிருந்தன. சாக்பீஸ்கள் மழையில் ஊறிக் களியாகியிருந்தன. மூன்றே மூன்று மட்டும் தப்பியிருந்தன. முள்ளம்பன்றிக் குட்டி அழுதேவிட்டது.

யானை திகைத்து நின்றது. “நான் மாலைக்காகவா வந்தேன்? சாக்பீஸ் எவ்வளவு தேஞ்சிருக்கு, நோட்டுல என்னென்ன கிறுக்கியிருக்காங்கன்னு பார்க்கத்தானே மலை தாண்டி வந்தேன்!”

அப்போதுதான் அது கொக்கின் அலகிலிருந்த கட்டைப் பார்த்தது. எதற்கு என்று கேட்டது. மயிலின் தோகை தானாகத் தாழ்ந்தது.

“என் ஆட்டத்துக்காக இவங்களைக் காக்க வெச்சுட்டேன்!” என்ற மயில், அந்த மூன்று சாக்பீஸையும் துடைத்துக் கொண்டுவந்தது. “இப்பவே எழுதுங்க, டீச்சர்!”

கொக்குக்கு ஒற்றைக் காலில் நிற்கச் சொல்லித் தர வேண்டுமா என்ன? மறு காலால் சாக்பீஸைப் பிடித்தது. கரும்பலகைக்கு எங்கே போவது? சுற்றுமுற்றும் பார்த்தது. பிறகு யானையின் கரிய வயிற்றில் ‘அ’ என்று பெரிதாக எழுதியது.

யானைக்குக் கூச்சம் தாங்கவில்லை. ஆனாலும் பாடம் முடியும்வரை அது அசையவே இல்லை.

நீதி: உதவியாக வந்த பொருளைப் பெருமைக்காகப் பூட்டி வைத்தால் அது வீணாகும், தேவைப்பட்டவர் கையில் தேய்ந்தால்தான் அது உதவி.