புளிப்பில் குளித்த கொக்கி

உலோகங்களுக்கும் வாய் இருந்த அந்தக் காலத்தில், ஒரு கடற்கரை ஊரில் சங்கு குளிப்பவர்கள் இருந்தார்கள். இடுப்புக் கயிற்றை இரும்புக் கொக்கியில் மாட்டிக்கொண்டுதான் கடலில் இறங்குவார்கள். ஒருநாள், துருவேறிய கொக்கி முறிந்து, இன்னாசி என்பவர் மேலே வராமலே போனார்.

அவர் மனைவி செபத்தியம்மாள் கொல்லர் அணஞ்சபெருமாளிடம் போனாள். இனி தான்தான் கடலில் இறங்கவேண்டும், கடல் தின்னாத கொக்கி ஒன்று வேண்டும் என்றாள்.

கொல்லர் இரும்பிடம் கேட்டார். ஈரக்காற்று பட்டால் தன்மேல் துரு படர்வதையும், அது பொருக்குப் பொருக்காய் உதிர்ந்து காற்றை மறுபடி உள்ளே விடுவதையும் இரும்பு வருத்தத்தோடு சொன்னது. மூலையில் கிடந்த குரோமியம் அன்றுதான் முதன்முதலாகப் பேசியது.

"என்னையும் சேர்த்து உருக்குங்க ஆசாரி. காத்து முதல்ல என்னைத் தொடட்டும். அது என்மேல தோலா ஒட்டிக்கும். உதிராது."

அப்படியே செய்தார். கொக்கி வெள்ளையாகப் பளபளத்தது. ஆனால் சில நாளில் அதன்மேல் சிவப்புப் புள்ளிகள் தோன்றின. செபத்தியம்மாள் அதைப் பட்டறைக்குக் கொண்டுவந்து காட்டினாள். கொல்லர் கூசிப்போய் அதை உலையில் போட எடுத்தார்.

"துருப்பிடிச்சது நான் இல்ல" என்றது கொக்கிக்குள்ளிருந்த குரோமியம். "உங்க சுத்தியலோட இரும்புத்தூள் என் முகத்துல அப்பியிருக்கு. காத்து என்கிட்ட வர வழியில்ல."

கொல்லர் அரத்தால் ராவினார். அரத்தின் தூளும் சேர்ந்து ஒட்டியது. அரிவாள்மணையில் எலுமிச்சை நறுக்கினால் இரும்பு கறுத்துக் கரைவதைச் செபத்தியம்மாள் தினமும் பார்த்தவள். ஒரு சட்டி நிறையச் சாறு பிழிந்து கொக்கியை ஊறப்போட்டாள். புளிப்பு இரும்புத்தூளைத் தின்றது; குரோமியத்தை அதனால் தின்ன முடியவில்லை. பிறகு நல்ல தண்ணீரில் அலசிக் காற்றாட வைத்தாள். காற்று வந்து தொட்டது. கண்ணுக்குத் தெரியாத தோல் ஒன்று கொக்கியை மூடியது.

இன்னாசி போன இடத்திலேயே அவள் இறங்கினாள். கொக்கி பாறையில் உரசிக் கீறல் விழுந்தது. ஆனாலும் பிடி விடவில்லை. மேலே வந்ததும் கீறல்மேல் காற்றுப் பட்டுப் புதுத்தோல் படர்ந்தது. படகில் உட்கார்ந்து, கணவன் போனபின் முதல்முறையாக, அவள் வாய்விட்டு அழுதாள்.

அன்று முதல்தான், இரும்பும் குரோமியமும் கலந்த எவர்சில்வரைப் பட்டறையிலிருந்து அனுப்புமுன் புளிப்பில் குளிப்பாட்டிக் காற்றாட வைக்கிறார்கள்.