தட்டினால் மூடும் சிப்பி

“எனக்கு என்ன சாமி குறைச்சல்? அதை மட்டும் சொல்லிடுங்க.”

பூபாலன் இப்படிக் கேட்டபோது அவன் தாடி பாதி நரைத்திருந்தது. ஆற்று முகத்துவாரத்து மடத்துக்கு மீசை முளைக்காத வயதில் வந்தவன். விறகு, தண்ணீர், சாமிக்குக் கால் பிடிப்பது, எல்லாம் அவன் தலையில்தான். ஆனால் சாமி தமக்கு அடுத்து என்று சொன்னது சபேசனை. நேற்று முளைத்த காளான்! பட்டு வேட்டி கசங்காமல் உட்காரத் தெரியும், அவ்வளவுதான். அன்று சாயங்காலம் அவனுக்குப் பட்டம் கட்டுகிற விருந்து.

“ஓடாத் தேஞ்சேன் சாமி. அவன் ஒரு துரும்பைக் கிள்ளிப் போட்டிருப்பானா? இது நியாயமா? நீங்க...”

சாமி விரல் முட்டியால் அவன் உச்சந்தலையில் தட்டினார்.

“விருந்துக்குச் சிப்பி சுடணும். நல்லதாப் பொறுக்கு.”

பூபாலன் வாயை மூடிக்கொண்டான். எழுந்து போனான்.

அந்தச் சாமிக்கு மீன், சிப்பி எல்லாம் ஆகும். ஊர் பேசிப் பேசி அலுத்துவிட்டது.

கூடையில் சிப்பிகள் லேசாக வாய் திறந்து கிடந்தன. பூபாலன் ஒவ்வொன்றாக எடுத்துக் கத்திப் பிடியால் தட்டினான். உயிருள்ளது சட்டென்று மூடிக்கொண்டது. அதைத் தணல் மேல் கம்பி வலையில் வைத்தான். செத்தது எவ்வளவு தட்டினாலும் பிளந்தபடியே கிடந்தது. அதை ஆற்றில் வீசினான்.

சாமி பக்கத்தில் வந்து குந்தினார்.

“எதை நெருப்புல வைக்கிறே?”

“தட்டினா மூடுறதை.”

“மூடாததை?”

“வீசிடுவேன். அது யாருக்கு வேணும்?”

“சுட்டதை யாரு தின்பா?”

“நீங்கதான். நீங்களும் உங்க சபேசனும்.”

சாமி வெந்த சிப்பி ஒன்றை எடுத்து உறிஞ்சினார்.

“நல்லாப் பொறுக்கியிருக்கே.”

பூபாலனின் கை நின்றது. கையிலிருந்த சிப்பியைப் பார்த்தான். உச்சந்தலையைத் தடவினான்.

“அடப் பாவி மனுஷா! என் ஆயுசுய்யா அது. முழு ஆயுசு!”

சாமி அவன் தலையில் தட்டினார்.

“கத்தாதே. தணல் அணையுது, விசிறு.”

“மாட்டேன்.”

இன்னும் பலமாகத் தட்டினார்.

“மாட்டேன்னு சொல்றேன்ல!”

சாமி அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இனிமே இது மூடாது,” என்றார். “வீசிட வேண்டியதுதான்.”

ஆற்றங்கரைப் பாதையைக் கை காட்டினார்.

பூபாலன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தான். போக்கிடம் ஒன்றும் கிடையாது. கண்ணீர் தாடியில் இறங்கியது. துடைக்கவில்லை.

கொஞ்ச தூரம் போனதும் பின்னால் சாமி யார் தலையிலோ ‘டொக்’கென்று தட்டுவது கேட்டது.

“இதோ சாமி!” என்றான் சபேசன்.